மூன்று மணிக்குள் காலியாக வேண்டிய தொட்டி

திறந்து விட்டுருங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், சொல்கிறவனுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது, வால்வைத் திருகப் போவது கருணாம்பிகையின் கை. மணி இரண்டரை. மூன்று மணிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். குழாய்க் கம்பெனிக்காரர்கள், பெங்களூரிலிருந்து, இந்தப் பட்டறைக்கு வேலை தருகிற பெரிய இடம், அவர்கள் வந்து சுற்றிப் பார்த்துச் சரி என்றால்தான் அடுத்த வருஷமும் அவர்களுடைய குளியலறைக் குழாய்கள் முலாம் பூசிக்கொள்ள இங்கே வரும். அதற்காகக் காலையிலிருந்து தரையைத் தேய்த்து, சுவருக்கு வெள்ளை அடித்து, ஆளுக்கொரு புதுக் கையுறை கொடுத்து, கல்யாண வீடு தோற்றது. கடைசியில் முதலாளி சென்னியப்பன் தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இவளைவிட ஆறு வயது இளையவன், எதிரே நின்றால் வாங்க போங்க, மனசுக்குள் எப்போதும் அவன் இவன்தான், அதை யார் வந்து கேட்கப் போகிறார்கள். நிக்கல் தொட்டியைத் தாண்டி முதல் அலசு தொட்டிக்கு வந்தவன் நின்றுவிட்டான். "கருணாக்கா, என்னுங்க இது, பாசி புடிச்ச கொளமாட்டப் பச்சையாக் கெடக்குது? தொறந்து உட்டுட்டுப் போர் தண்ணி புடிச்சு உட்ருங்க. கண்ணாடியாட்ட இருக்கோணும்." அவ்வளவுதான், போயே போய்விட்டான், வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுப் படாமல் போய்விட்டான். வால்வின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் குனிந்து நிற்கிறாள், ஐந்து நிமிஷமாக நிற்கிறாள், ஏழு மாசம் யாரும் தொடாத வால்வு, துரு ஏறியிருக்கும், திருகினாலும் திரும்பாது என்று ஒரு சின்ன ஆசை. லேசாக அழுத்திப் பார்த்தாள். சனியன், வெண்ணெயாக அசைந்தது.

பச்சையாகக் கிடக்கிறதாம். பச்சையாகக் கிடக்கத்தானே அந்தத் தொட்டியையே அங்கே போட்டது, அது பச்சையாக இல்லாவிட்டால்தானே பயப்பட வேண்டும், இது அவனுக்குத் தெரியாதா, தெரியும், நன்றாகத் தெரியும், அதுதான் வயிறு எரிகிறது. குழாய்கள் மாட்டிய கம்பிச் சட்டத்தைச் சூடான நிக்கல் தொட்டியிலிருந்து தூக்கும்போது ஒவ்வொரு குழாயும் தன் வளைவிலும் ஓட்டையிலும் கொஞ்சம் நிக்கல் தண்ணீரைக் களவாண்டுகொண்டு வரும். சட்டத்தைத் தொட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிதானமாகப் பத்து எண்ணினால் பாதி உள்ளேயே சொட்டிவிடும். மீதிப் பாதி அலசுகிற தண்ணீரில் இறங்கிப் பச்சையாகும். முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பச்சையைத் திறந்து விடுவது, திங்கட்கிழமை புதுத் தண்ணீர், மறுபடி பச்சை, மறுபடி சனிக்கிழமை, பதினைந்து வருஷம் அவளேதான் திறந்து விட்டிருக்கிறாள், ஒரு நாளும் கை கூசியதில்லை. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சட்னி அரைத்து வழித்துவிட்டு, மிக்ஸி ஜாரில் ஒட்டியிருந்ததற்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கி, அதைச் சட்னியிலேயே ஊற்றினாள். எந்த வீட்டில் ஊற்றாமல் இருப்பார்கள், ஜார் கழுவிய முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிற பொம்பளை இந்த ஊரில் உண்டா. ஊற்றிய கை அப்படியே நின்றது. நிக்கல் தொட்டி சூட்டில் தினமும் ஒரு சாண் வற்றுகிறது, வற்றியதற்கு நாம் போர் தண்ணீரை ஊற்றுகிறோம், பக்கத்திலேயே ஜார் கழுவிய தண்ணீர் மாதிரி இந்தப் பச்சை நிற்கிறது, இதைக் கொட்டுகிறோம். அடிப்பாவி. பதினைந்து வருஷம். மறுநாள் போய்ச் சொன்னபோது சென்னியப்பன் சிரித்தான், "இது என்ன அக்கா, சமையல்கட்டு யோசனை" என்றான். கெமிக்கல் விற்க வந்தவர் கேட்டுவிட்டு, சிரிக்காதீங்க, வடிகட்டி ஊத்தினா ஒன்னும் ஆகாது, பெரிய கம்பெனில எல்லாம் இதத்தான் பண்றாங்க என்று சொன்ன பிறகுதான் சிரிப்பை நிறுத்தினான். அன்றிலிருந்து முதல் அலசின் பச்சை நிக்கலுக்குப் போகும், இரண்டாம் அலசின் வெளிறிய தண்ணீர் முதல் அலசுக்கு வரும், புதுத் தண்ணீர் கடைசியில்தான். வால்வுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அதைப் பெருமையாக ஒரு பலகையிலும் எழுதி மாட்டிவிட்டான், மாசு பிறக்கும் இடத்திலேயே தடுப்போம், கீழே கை கட்டிக்கொண்டு நிற்கிற அவன் படம். எழுதட்டும், படம் போடட்டும், மாலைகூடப் போட்டுக்கொள்ளட்டும். இவளுக்கு வேண்டியது படமா, தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும், அது ஒன்றுதான்.

குனிந்து நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தால் எதிரே குரோம் தொட்டி, அதன்மேல் நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் பந்துகள், குழந்தைகள் விளையாடுகிற பந்து அளவு, நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கின்றன. குரோம் குமிழி விடுகிறபோது மேலே கிளம்புகிற சாரலை அந்தப் பந்துகள் அமுக்கிவிடும், சாரல் கிளம்பவே கிளம்பாது. இரண்டு மூட்டைப் பந்து. எவ்வளவு சின்ன விஷயம். பந்து வந்தது காளியண்ணன் வேலையை விட்டு நின்றதற்கு அடுத்த வருஷம். காளியண்ணன், அவள் வீட்டுக்காரர், அந்தத் தொட்டியின் தலைமாட்டில் பத்தொன்பது வருஷம் நின்றவர். டாக்டர் சின்ன டார்ச்சை ஒரு மூக்குத் துவாரத்தில் அடித்தார், வெளிச்சம் மறு துவாரத்தில் தெரிந்தது, நடுவில் இருக்கவேண்டிய தடுப்பு அரித்துப் போய் ஓட்டை. "மாஸ்க் போட்டிருக்கலாமே" என்றார் டாக்டர், நல்ல மனுஷர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், மூக்கை மூடு, கையை மூடு, வந்த பிறகு துடை, வந்த பிறகு மருந்து போடு, கிளம்புகிற இடத்தில் ஒரு பந்தைப் போடு என்று முதல் நாளே சொல்ல ஒரு நாதி இல்லை. இப்போது அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்கு இருக்கிறார், பந்தி வாசனை தெரியாமல் பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது, அடுப்பு முன்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், இவள் தெருமுனையிலிருந்தே மோப்பம் பிடித்து ஓடிவந்து திட்டினாள். திட்டிய பிறகுதான் நினைவு வந்தது. அவர் பாத்திரத்தைத் தூக்கித் தேய்க்கப் போட்டார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எங்கேயும் போகவில்லை, யார் மேல் போடுவது என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, அவர் மேலா, பந்து மேலா, பந்தை ஒரு வருஷம் தாமதமாக வாங்கியவன் மேலா.

"ஏம்மா கருணா, வால்வப் புடிச்சுட்டுத் தூக்கமா?" ரங்கன். குரோம் பக்கத்து ஆள், காளியண்ணன் நின்ற இடத்தில் இப்போது நிற்கிறவர், ஓய்வு பெறுகிற வயசு, எதற்கும் ஒரு கிண்டல். "தொறக்கச் சொல்லீட்டாருங்கண்ணா." "தொறந்து உட்டுட்டுப் போவயா. உன்ற ஊட்டுச் சொத்தா?" "பத்து எண்ணிப் பத்து எண்ணி உள்ளயே சொட்ட உட்டம்ல, அது ஆரு ஊட்டுச் சொத்துங்க?" ரங்கன் கையுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "அக்கட்டாலதான் சுத்திகரிப்பு இருக்குதல்லோ, அது பார்த்துக்கும்." பார்த்துக்கும். நீலப் பெயின்ட் அடித்து, பொங்கலுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிய சுத்திகரிப்பு நிலையம். சொட்டுச் சொட்டாக வந்தால் அது குடிக்கும், நானூறு லிட்டரை ஒரே மூச்சில் விட்டால் கக்கும். கக்கினது மழைநீர் வாய்க்காலில் விழுந்து பின்பக்கத்து ஓடைக்குப் போகும், பள்ளம் என்று சொன்னால்தான் இங்கே யாருக்கும் தெரியும். பள்ளத்து ஓரத்தில்தான் அவள் வீடு இருக்கிற தெருவும், தெருக்கோடிக் கைப்பம்பும். பதினைந்து வருஷத்து சனிக்கிழமைகளில் அந்தப் பம்பு தண்ணீர் குடிக்க ஆகாமல் போனது, அப்புறம் சமைக்க ஆகாமல் போனது, இப்போது துணி துவைக்கத்தான். அதில் அவளுடைய பங்கு எவ்வளவு, மற்ற பட்டறைகளின் பங்கு எவ்வளவு, யார் பிரித்துச் சொல்வது. தெருவில் பம்பைத் திட்டுகிற பெண்களோடு சேர்ந்து அவளும் திட்டியிருக்கிறாள், எந்த நாசமாப் போனவன் விடறானோ என்று கை நீட்டிச் சாபம் விட்டிருக்கிறாள், வெட்கம் கெட்டவள். இந்த ஏழு மாசமாகத்தான் அந்தப் பேச்சு வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள்.

மொண்டு வைத்தால் என்ன. திடீரென்றுதான் தோன்றியது. இரண்டு காலி பேரல் கிடங்கில் கிடக்கிறது, பச்சையை அதில் மொண்டு மூடி வைத்துவிட்டு, அவர்கள் போனதும் திரும்ப ஊற்றிக்கொண்டால் ஆயிற்று, நல்ல வேளை, எவ்வளவு சுலபம். அதற்குள் சென்னியப்பனே வந்துவிட்டான், கையில் போன், கண் வாசலில். "அக்கா, மணி ரெண்டே முக்கால், இன்னும் தொறக்கலீங்களா?" "ஏனுங், பேரல்ல மொண்டு வெச்சுக்கறனுங்க, ரங்கண்ணனும் நானும் வெசயா மொண்டுருவோம், அவிக போன பொறவு…" "பேரலா? பேரலப் பார்த்தா அது என்ன இது என்னன்னு நோண்டுவாங்க. அதுக்கு லேபிள் எங்க, பேப்பர் எங்கம்பாங்க. வேண்டாங்க." "அப்ப பச்சையாவே இருக்கட்டுமுங்க. ஏன் பச்சைன்னு நான் சொல்றனுங்க அவிககிட்ட. புரியறாப்பல சொல்றனுங்க." "அக்கா." குரலைத் தாழ்த்திவிட்டான். திட்டியிருந்தால் இவளும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள், திட்டவில்லை, இரண்டு கையையும் லேசாகக் கூப்புகிற மாதிரி வைத்துக்கொண்டான். "அக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்கு. வெளக்கமெல்லாம் அவிககிட்ட எடுபடாது. பார்த்தா சுத்தமாத் தெரியோணும், அவ்வளவுதான். இந்த ஆர்டர் போனா நாப்பது பேருக்கும் வேலை இல்லீங்க. நீங்க சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?" அந்தக் கேள்விக்குப் பதில் இருந்திருக்கும், யோசித்தால் கிடைத்திருக்கும், ஆனால் அவன் கண்ணில் நிஜமான பயம் தெரிந்தது, அதைப் பார்த்ததும் இவளுக்கும் பயம் வந்துவிட்டது, நாற்பது பேரில் ரங்கன் இருக்கிறார், அவள் இருக்கிறாள், மண்டபத்துக் காவல் சம்பளத்தில் வீட்டு வாடகைகூடத் தேறாது. திருகினாள்.

முதலில் ஒரு கனைப்பு, குழாய்க்குள் காற்று, பிறகு கனமாகச் சத்தமே இல்லாமல் இறங்க ஆரம்பித்தது. அவள் கைதான். வேறு யார் கையும் இல்லை. தொட்டியின் உட்சுவரில் தண்ணீர் இருந்த உயரத்தில் ஒரு பச்சைக் கோடு, அதற்குக் கீழே இன்னொன்று, இறங்க இறங்க ஈரச் சுவர் பளபளத்தது, அழகாக இருந்தது, அது வேறு, இந்தப் பாழாய்ப் போன தண்ணீர் பார்க்க எப்போதும் அழகாகத்தான் இருக்கும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே நிறத்தில் ஒரு புடவை வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். ஏழு மாசத்தில் எத்தனை சட்டம் தூக்கியிருப்பாள், ஒரு நாளைக்கு முந்நூறு, ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணிக்கை, தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும், ஏழிலேயே இறக்கிவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும், எட்டு, ஒன்பது, இன்னும் ஒரு சொட்டு நிற்கிறது, பத்து. அந்தக் கடைசிச் சொட்டுக்காகத் தூக்கிப் பிடித்தவள் இப்போது குடம் குடமாகக் கொட்டுகிறாள். யாருக்காக. சுத்தமாகத் தெரிவதற்காக. அழுக்கைத் தடுக்கிற தொட்டி அழுக்காகத் தெரிகிறதாம், அதனால் அழுக்கைத் திறந்து விட்டுவிட்டுச் சுத்தமாக நிற்க வேண்டுமாம், இதைவிடக் கோணல் புத்தி உலகத்தில் உண்டா. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள், பார்த்திருக்கிறாள், தள்ளியுமிருக்கிறாள், ஆனால் அடுத்த வீட்டுக் குடிதண்ணீர்ப் பானையில் போடுவதில்லை. மூடிவிடலாம், இப்போதுகூட மூடிவிடலாம், பாதிதான் போயிருக்கிறது, கை கைப்பிடி மேலேயேதான் இருக்கிறது. மூடு. மூடேன். அடி கருணா, மூடித் தொலையேன். கை மூடவில்லை. நாற்பது பேர் என்று அவன் சொன்ன சொல் கைமேல் உட்கார்ந்துகொண்டது. நாற்பது பேர் என்கிறானே, பள்ளத்து ஓரத்தில் எத்தனை பேர், அவர்களை எண்ணிச் சொல்ல யாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரவில்லை. வெளியே சுத்திகரிப்பு நிலையத்தின் பக்கம் தண்ணீர் வழிந்து விழுகிற சத்தம் கேட்டது. கக்குகிறது. அடியில் கொஞ்சம் பச்சைக் கசடு மிஞ்சியது, ரங்கன் வந்து, கிண்டல் இல்லாமல், துடைப்பத்தால் அதையும் தள்ளிவிட்டார். வால்வை மூடிப் போர் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். கண்ணாடியாக நிறைந்தது. தொட்டியின் அடியில் ஒரு தேய்ந்த கீறல் தெரிந்தது, இத்தனை நாள் அது இருந்ததே அவளுக்குத் தெரியாது.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முழுக்கப் போனிலேயே இருந்தார். இன்னொருத்தி முப்பது முப்பத்தைந்து வயசுப் பெண், கனமான ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, தேன்மொழி என்று அதில் தமிழிலும் எழுதியிருந்தது, கையில் அட்டையில் கவ்விய காகிதங்கள். நல்லபடியாகத்தான் பேசினாள், ரங்கனிடம் கைப்புண் இருக்கிறதா என்று கேட்டாள், பந்துகளைப் பார்த்து எட்டி ஒன்றைத் தொடப்போய்ச் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். அவள் மோசமானவளாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கருணாம்பிகைக்குப் பட்டது. பலகைக்கு முன்னால் நின்று படித்தாள், சென்னியப்பன் தன் படத்துக்குப் பக்கத்திலேயே கை கட்டிக்கொண்டு நின்றான். பிறகு முதல் அலசு தொட்டி. தேன்மொழி குனிந்து பார்த்தாள், முகம் மலர்ந்தது. "தண்ணி எவ்ளோ தெளிவா இருக்கு! நாங்க போற பாதி இடத்துல இந்தத் தொட்டி சாக்கடை மாதிரி இருக்கும். இத யாருங்க பார்த்துக்கறது?" "நம்ம கருணாக்காங்க," என்றான் சென்னியப்பன், உண்மையான பெருமையோடு. "ரொம்ப நல்லாப் பண்றீங்க அக்கா. எப்படி இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க?" ஒன்றுமில்லைங்க என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டத்தைத் தூக்கப் போயிருக்கலாம், தூக்கத்தான் கையை நீட்டினாள், ரொம்ப நல்லா என்கிற அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது, திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள்.

"அரைமணி நேரத்துக்கு முன்ன தொறந்து உட்டுட்டனுங்க," என்றாள். "பச்சையா நெறைய இருந்துதுங்க. அது இத்தன நாளும் வெளிய போகாத இங்கயே நின்ன நிக்கலுங்க. திரும்ப அந்தத் தொட்டிக்கே எடுத்து ஊத்திக்குவமுங்க. ஏழு மாசமா ஒரு சொட்டு உட்டதில்லீங்க. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு அத்தனையும் பள்ளத்துல உட்டுட்டம். நான்தானுங்க உட்டேன், இந்தக் கையில." சென்னியப்பன் அக்கா என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். போன்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். தேன்மொழி தொட்டியைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "எதுக்கு அக்கா தொறந்தீங்க? நான் தொறக்கச் சொல்லலையே?" "உங்க பேப்பர்ல என்னமோ கேட்டிருக்குமுங்களே, அதப் படியுங்க." தேன்மொழி மெதுவாகப் படித்தாள், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மாற்றி, ஒவ்வொரு வார்த்தையாக, யாரோ எழுதியதைப் படிக்கிற மாதிரி. "அலசும் தொட்டிகளில் தண்ணீர் தெளிவாக உள்ளதா." "டிக் போட்டுட்டீங்களா?" கேட்டது கருணாம்பிகை. பேனா காகிதத்தின் மேலேயே நின்றது, அதன் கீழே டிக் இருந்தது, மை இன்னும் காயவில்லை. கருணாம்பிகை சட்டத்தைத் தூக்கினாள், நிக்கல் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு தேன்மொழியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "அந்தக் கேள்விய நீங்க மாத்தலீன்னா, அடுத்த தடவ நீங்க வர்றன்னிக்கும் நான்தானுங்க தொறந்து உடோணும்."